மாட்டுங்கா கதையை இப்போதே கொடுத்துவிடலாமா?

வாசகர் கேள்வி:

மேடம், எனக்கு 29 வயது. மும்பையை ஒட்டிய டோம்பிவிலியில் அப்பா, அம்மா, மனைவியோடு இருக்கிறேன். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. காலேஜ் நாளிலிருந்தே இங்குள்ள தமிழ்ச் சங்க விழாக்களுக்கு நகைச்சுவை நாடகம் எழுதி இயக்குகிறேன். இந்தியிலும் சில போட்டிருக்கிறேன். மாட்டுங்காவில் இடிக்கப்போகும் ஒரு பழைய கட்டடம், அதில் ஒரு தமிழ்க் குடும்பம், எதிர்வீட்டில் குஜராத்திக் குடும்பம், மாடியில் தனியாக இருக்கும் மராத்திப் பெரியவர், எல்லாரையும் காலி பண்ணவைக்க அலையும் பில்டரின் ஆள் என்று இந்தி காமெடித் தொடர் ஒன்றுக்கு ஐந்து பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது இரண்டு வாய்ப்புகள் சேர்ந்து வந்திருக்கின்றன. தினசரி காமெடித் தொடர் ஒன்றுக்கு வசனம் எழுதும் சீனியர் ஒருவர் என்னை உதவியாளராக அழைக்கிறார். முதல் ஆறு மாதம் பெயர் வராது என்கிறார். இன்னொரு புரொடக்‌ஷன் ஹவுஸ் என் ஐந்து பக்கத்தைக் கேட்கிறது. மொத்தமாக ஒரு தொகை தருவதாக இரண்டு பக்க ஒப்பந்தமும் அனுப்பியிருக்கிறது. அமெரிக்கத் தொடர்களில் எழுதுகிறவரே தயாரிப்பாளராகவும் இருக்கிறார். அப்படி ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேலையை விடலாமா? கதையைக் கொடுக்கலாமா? வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை.

பதில்:

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். சீனியரிடம் சேருங்கள். கம்பெனி வேலையை உடனே விடாதீர்கள். அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தில் இப்போது இருக்கிறபடி கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தாளரே தயாரிப்பாளர் ஆவது மும்பையிலும் நடக்கிறது. ஆனால் ஐந்து பக்கத்தை விற்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அது நடப்பதில்லை. எழுதியதோடு கூடவே செட்டுக்கும், அங்கிருந்து எடிட்டுக்கும் போகிறவருக்குத்தான் நடக்கிறது.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1951ல் ‘ஐ லவ் லூசி’ என்ற காமெடித் தொடர் தொடங்கியபோது தலைமை எழுத்தாளரான ஜெஸ் ஓப்பன்ஹைமர்தான் தயாரிப்பாளரும். ஒவ்வொரு வாரமும் ஒரு புது நாடகம். பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து, மூன்று கேமராக்களில் படம் பிடித்தார்கள். ஒத்திகையில் சிரிப்பு வராத காட்சியை அந்த வாரத்துக்குள்ளேயே சரிசெய்தாக வேண்டும். எங்கே பிசகியது என்று கண்டுபிடித்து மாற்றத் தெரிந்தவர் எழுத்தாளர் என்பதால் அதிகாரமும் அவரிடமே தங்கியது. அதே தொடரில் இன்னொன்றும் நடந்தது. நாயகி லூசில் பாலும் அவர் கணவர் தேசி அர்னாஸும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, எடுத்த படச்சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். மறுஒளிபரப்பு என்ற வியாபாரமே பெரிதாக உருவாகாத காலம் அது. பிற்பாடு அவர்களுடைய கம்பெனியை வளர்த்தது அந்த உரிமைதான். உங்கள் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றும் அங்கே ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், கோ-புரொடியூசர், புரொடியூசர், எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர் என்று படிப்படியாக ஏறுகிறார்கள். இந்தப் புரொடியூசர்களில் பெரும்பாலோர் எழுத்தாளர்களே. பணம் போட்டவர்கள் அல்ல. நமக்குப் பக்கத்து உதாரணம் அமெரிக்க எழுத்தாளரும் நடிகையுமான மிண்டி கேலிங். அப்பா தமிழர், சொக்கலிங்கம் என்ற குடும்பப் பெயரைத்தான் கேலிங் என்று சுருக்கிக்கொண்டார். தோழியோடு சேர்ந்து எழுதி நடித்த ஒரு சின்ன மேடை நாடகத்தால் கவனிக்கப்பட்டு, 24 வயதில் ‘தி ஆஃபிஸ்’ தொடரின் எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார். ஆரம்பத்தில் அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். எபிசோடுகள் எழுதினார், அதிலேயே நடித்தார், தயாரிப்பாளர் பொறுப்பு வரை ஏறினார். 2012ல்தான் சொந்தத் தொடர் கையில் வந்தது. 2020ல் ஒரு தமிழ்க் குடும்பத்தை நடுவில் வைத்து இணையத் தொடர் உருவாக்கினார். சங்க விழாவில் நாடகம் போடுகிற உங்களுக்கு இந்த வரிசை முக்கியம்: மேடை முதலில், அப்புறம் அடுத்தவரின் தொடரில் பல வருட உழைப்பு, அதற்கும் அப்புறம்தான் சொந்தக் கதை.

2023ல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிய கோரிக்கையைத்தான் இங்கே எல்லாரும் பேசினோம். ஒரு தொடருக்குக் குறைந்தபட்சம் இத்தனை எழுத்தாளர்கள் இருக்க வேண்டும், படப்பிடிப்பு நடக்கும்போதும் அவர்களில் சிலரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் பெரிய கோரிக்கையாக இருந்தது. எழுதி முடித்ததும் அனுப்பிவிடும் பழக்கம் பரவினால், அடுத்த தலைமுறைக்குச் செட்டே தெரியாமல் போய்விடும், தொடரை நடத்தத் தெரிந்தவர் யாரும் மிஞ்சமாட்டார் என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. மும்பையில் நம் எழுத்தாளர்களில் பலர் இன்றைக்கும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள், எனக்கு அது வேதனை.

இங்கேயும் வழி உண்டு என்பதற்கு இந்தி காமெடித் தொடர்களான ‘கிச்சடி’யையும் (2002) ‘சாராபாய் வெர்சஸ் சாராபாய்’ தொடரையும் (2004) பாருங்கள். எழுதியவர் ஆத்திஷ் கபாடியா. தயாரிப்பைப் பார்த்துக்கொண்டவர் ஜே.டி. மஜீத்தியா. இருவரும் குஜராத்தி மேடையிலிருந்து வந்தவர்கள், சேர்ந்து கம்பெனி நடத்துகிறவர்கள். ‘சாராபாய்’ முதலில் ஓடியபோது ரேட்டிங் சுமார்தான். ஆனால் மக்கள் விடவில்லை, 2017ல் இணையத்தில் இரண்டாவது சீசன் வந்தது. எழுத்தும் தயாரிப்பும் ஒரே வீட்டில் இருந்ததால்தான் அத்தனை வருடம் கழித்தும் அந்தக் குடும்பத்தை அதே குரலில் திரும்பக் கொண்டுவர முடிந்தது என்று நினைக்கிறேன். இதில் உங்களுக்கு ஒரு யோசனையும் இருக்கிறது. பட்ஜெட், கால்ஷீட், சேனல் மீட்டிங் எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை. உங்கள் நாடகக் குழுவில் ஹால் புக்கிங்கிலிருந்து ஸ்பான்சர் வரை ஓடியாடிப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் இருப்பார். அவரைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் தினசரித் தொடர் வேலை. இங்கே கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் பெரும்பாலும் மூன்று பேர் கையில் இருக்கும். கதைக்காரர் டிராக்கை, அதாவது கதை போகும் போக்கைச் சொல்வார். சேனலின் கிரியேட்டிவ் ஆட்கள் சரி சொன்னதும் திரைக்கதைக்காரர் அதைக் காட்சிகளாகப் பிரிப்பார். வசனகர்த்தாவுக்குக் கடைசியில்தான் வரும். அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக 22 நிமிடம் போலத் தேறும். வாரத்துக்கு ஐந்து, ஆறு எபிசோடு போகிற தொடர் என்றால் 12 மணி நேர ஷிஃப்ட் ஒன்றில் ஏறக்குறைய ஒரு எபிசோடு அளவுக்கு எடுத்தாக வேண்டும். முன்கூட்டியே எடுத்துவைத்த எபிசோடுகள் (பேங்க் என்பார்கள்) இருக்கும் வரை எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். அது கரைந்துவிட்டால் காலையில் எழுதிய காட்சி மதியம் படமாகும். ஒரு நடிகருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அவர் இல்லாமல் அந்தக் காட்சியை ஒரு மணி நேரத்தில் மாற்றித் தர வேண்டும். இந்த வேகத்தை யாரும் வகுப்பில் சொல்லித்தர முடியாது. அதற்காகத்தான் சேரச் சொல்கிறேன்.

ஆனால் வாட்ஸ்அப்பில் காட்சி வரும், வீட்டிலிருந்து வசனம் எழுதி அனுப்பினால் போதும் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது செட், மாதத்தில் ஓரிரு முறையாவது எடிட் என்று கேளுங்கள். நான் நகைச்சுவை எழுதக் கற்றதில் பாதி எடிட் அறையில்தான். ஒரு பன்ச்சுக்கு அப்புறம் பேசியவர் முகத்தைக் காட்டுவதா, கேட்டவர் முகத்தைக் காட்டுவதா என்பதில் சிரிப்பு வருவதும் போவதும் இருக்கிறது. பெரும்பாலும் கேட்டவர் முகத்தில்தான் வரும். அது தெரிந்த பிறகு, பேசுகிறவருக்கு மூன்று வரி எழுதுவதை விட்டுவிட்டு, கேட்கிறவர் என்ன செய்வார் என்று எழுத ஆரம்பித்தேன்.

பெயர் விஷயம். ஆறு மாதம் பெயர் இல்லை என்பது இங்கே நிறைய நடக்கிறது. நடக்கிறது என்பதாலேயே அது சரியாகிவிடாது. ஏழாவது மாதம் முதல் ‘உதவி வசனம்’ என்று என்னுடைய பெயர் வரும் என நாம் பேசிக்கொண்டோம், உறுதிப்படுத்துங்கள் என்று பணிவாக ஒரு மெயில் அனுப்புங்கள். அவர் ‘ஓகே’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு காட்சியையும் வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் மெயிலிலும் அனுப்புங்கள், தேதியோடு கிடக்கும். பெயர், செட் இரண்டில் ஒன்றுதான் என்று அவர் பிடிவாதமாக நின்றால், அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு வாரம்கூடப் பெயரில்லாமல் எழுத வேண்டாம். பெயரில்லாமலே வருடக்கணக்கில் எழுதி, நாற்பது வயதில் கையில் காட்ட எதுவும் இல்லாமல் நிற்கும் நல்ல எழுத்தாளர்களை எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் மாட்டுங்கா கட்டடத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து பக்கத்தை நான் படிக்கவில்லை, கடிதத்தில் இருப்பதை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதல் கவலை பில்டர். கட்டடம் இடிந்த அன்றைக்கு உங்கள் தொடர் முடிந்துவிடும். ஒரு கேள்விக்கு விடை தேடிப் போகும் கதை சினிமாவுக்குச் சரி. இந்த வகைத் தொடருக்கு, எத்தனை எபிசோடு போனாலும் தீராத ஒரு நிலைமை வேண்டும். நல்லவேளையாக மும்பையில் ரீடெவலப்மென்ட், அதாவது பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்பதே அப்படித் தீராமல் இழுக்கும் சமாசாரம்தான். மாட்டுங்காவின் ‘பக்டி’ கட்டடங்களில், அதாவது முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் பரம்பரையாக இருக்கும் வீடுகளில், ஒரு தலைமுறை கையெழுத்துப் போட்டு, அடுத்த தலைமுறையும் அதே வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே கட்டடம் இடியுமா என்ற கேள்வியைக் கதையாக்காதீர்கள். இந்த வாரம் யார் மனம் மாறினார் என்பதைக் கதையாக்குங்கள். அப்பாவுக்கு லிஃப்ட் வைத்த கட்டடம் வேண்டும், அம்மாவுக்கு முட்டி வலி. பாட்டிக்கு ஆஸ்திக சமாஜக் கோயில் பக்கத்துப் பூக்கடையை விட்டு ஒரு தெரு தள்ளிக்கூடப் போக மனமில்லை. குஜராத்திக் குடும்பத்துக்குக் கூடுதல் சதுர அடி வேண்டும். மராத்திப் பெரியவருக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, அவர் சொல்லவும் மாட்டார். எல்லாருடைய கையெழுத்தும் ஒரே நாளில் ஒருமுறைகூடச் சேராது. இது ஓடும் தம்பி, வருடக்கணக்கில் ஓடும்.

அப்புறம் ஒரு கணக்கு. முக்கியப் பாத்திரங்கள் ஆறு பேர் என்றால் இரண்டிரண்டாக 15 ஜோடிகள் வரும். ஒரு தாளில் அந்த 15 ஜோடிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே இவர்களுக்குள் தீராத வழக்கு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். பாட்டிக்கும் பில்டரின் ஆளுக்கும் என்ன? உங்கள் கதாநாயகனுக்கும் மாடிப் பெரியவருக்கும் என்ன? எட்டு ஜோடிகளுக்குத்தான் எழுத வந்தது என்றால் பாத்திரங்கள் இன்னும் தயாராகவில்லை. 15க்கும் வந்துவிட்டால் பில்டர் தலையே காட்டாத 30 கதைகளை ஒன்லைனாக எழுதிப் பாருங்கள். ‘தாரக் மேத்தா கா உல்ட்டா சஷ்மா’ 2008ல் தொடங்கி நாலாயிரம் எபிசோடுகளுக்கு மேல் போய்விட்டது. அதன் அடியில் தாரக் மேத்தா என்ற எழுத்தாளர் 1971லிருந்து ‘சித்ரலேகா’ குஜராத்தி வார இதழில் எழுதிவந்த பத்தி இருக்கிறது. அத்தனை வருட மனிதர்கள் ஏற்கெனவே கையிருப்பில் இருந்தார்கள். உங்கள் கையில் ஐந்து பக்கம்தான் இருக்கிறது. அதை விற்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். வெறும் யோசனையாகக் கொடுத்தால் அதை வளர்க்கப்போவது வேறொருவர், வளர்த்தவருக்குத்தான் அது சொந்தமாகும்.

இந்தித் தொடர்களில் தமிழர் என்றால் ஐயர் என்று ஒருவர் நடுநடுவே வந்து ‘ஐயோ’ என்று சொல்லிவிட்டுப் போவதோடு சரி. உங்களிடம் ஒரு முழு வீடு இருக்கிறது. இங்கேயே பிறந்து, அப்பாவிடம் தமிழும், லிஃப்ட்மேனிடம் மராத்தியும், தங்கையோடு சண்டையில் இந்தியும் பேசும் பிள்ளைகளை உள்ளேயிருந்து எழுதக்கூடியவர்கள் இந்த ஊரில் அதிகம் இல்லை. சேனலில் இதெல்லாம் ரொம்ப சவுத் ஆக இருக்கிறது என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். அப்போது கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணை நினைத்துக்கொள்ளுங்கள். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மும்பைக்கு வந்து, நாடு முழுவதுக்குமான காமன் மேனை வரைந்தவர். அவருடைய பாத்திரங்களை வைத்துத்தான் 1988ல் இயக்குநர் குந்தன் ஷா தூர்தர்ஷனுக்கு ‘வாக்ளே கி துனியா’ எடுத்தார். ஒரு மராத்திக் குமாஸ்தாவின் சின்னச் சின்னக் கஷ்டங்களை இந்தி பேசும் ஊர்கள் எல்லாம் தங்களுடையதாகப் பார்த்தன. 2021ல் அதே பெயரில் அடுத்த தலைமுறையை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். ஒரு குடும்பத்தின் பழக்கவழக்கங்களை எவ்வளவு துல்லியமாக எழுதுகிறீர்களோ, அவ்வளவுக்கு வெளியாட்களும் உள்ளே வருவார்கள் என்பது என் திடமான நம்பிக்கை.

சரி, ஒப்பந்தம். எனக்கு வரும் கடிதங்களில் பாதி, கையெழுத்துப் போட்ட பிறகு வருகின்றன. நீங்கள் முன்னாலேயே கேட்டதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. உச்ச நீதிமன்றம் 1978லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய கட்டடத்தில் பல மொழிக் குடும்பங்கள் என்பது யோசனை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்கள் பாட்டி, அவள் பேச்சு, 30 கதைகள், பைலட் எனப்படும் முதல் எபிசோடின் முழு ஸ்கிரிப்ட் ஆகியவை உங்களுடையவை. அதனால் பக்கங்கள் கூடக்கூட உங்கள் பாதுகாப்பும் கூடும். இன்னொரு துணையும் உண்டு. நம்பிக்கையின் பேரில் ரகசியமாகக் கொடுத்த கான்செப்ட்டை வாங்கியவர் தானாகவே பயன்படுத்தக் கூடாது என்று 2003ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தொலைக்காட்சி வழக்கில் தடையே கொடுத்தது. அந்தப் பாதுகாப்பு கிடைக்க, யாரிடம், எப்போது, எதைக் கொடுத்தீர்கள் என்று காட்ட வேண்டும். எனவே நேரில் கதை சொல்லும் நேரேஷன் முடிந்ததும், ‘இன்று உங்களிடம் சொன்ன கதையின் குறிப்பு இத்துடன், உங்கள் பரிசீலனைக்கு மட்டும்’ என்று ஒரு மெயில் அனுப்பும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

அந்தேரியில் ஸ்க்ரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன் இருக்கிறது. உடனே உறுப்பினராகுங்கள். ஸ்கிரிப்டை இணையத்திலேயே பதிவு செய்யலாம். பதிவு செய்தால் காப்புரிமை பிறப்பதில்லை, அது எழுதும்போதே பிறந்துவிடுகிறது. பதிவு என்பது இந்தத் தேதியில் இது என்னிடம் இருந்தது என்பதற்கு அத்தாட்சி. தகராறு வந்தால் உறுப்பினர் புகாரை விசாரிக்க அவர்களிடம் ஒரு குழுவும் உண்டு. சீனியரிடம் சேரும் முன்பே இந்தப் பதிவை முடித்துவிடுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நாளை சீனியரின் தொடரைத் தயாரிக்கும் நிறுவனம் உங்களை மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டால், வேலையின் பகுதியாக எழுதுகிறவற்றுக்கு முதல் உரிமையாளர் நிறுவனம்தான் என்கிறது காப்புரிமைச் சட்டம். மாட்டுங்கா கதை அதற்கு முன்பே என்னிடம் இருந்தது, இந்த வேலைக்கு அதில் சம்பந்தமில்லை என்று வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்த இரண்டு பக்கத்தில் என்ன தேடுவது? எல்லா உரிமையும், எல்லா ஊடகத்துக்கும், எல்லா நாட்டுக்கும், என்றென்றைக்கும் என்று இருக்கும், அது வழக்கமான வாசகம். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்கு மட்டும், இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்கு மட்டும் என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் அவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். இன்னொரு சின்ன வரி, பலர் கவனிப்பதே இல்லை: ‘பிரிவு 19(4) பொருந்தாது’. வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்கிறது அந்தப் பிரிவு. அதை நீக்கிவிட்டால், உங்கள் கதையை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு அவர்கள் பத்து வருடம் சும்மா இருக்கலாம். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். ராயல்டி பற்றியும் பாருங்கள். தியேட்டரில் காட்டுவது தவிர மற்ற பயன்பாடுகளுக்கான ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை எழுத்தாளர் விட்டுக்கொடுக்க முடியாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் சொல்கிறது. அந்தப் பணம் உண்மையில் கைக்கு வந்துசேரப் போராட வேண்டியிருக்கிறது. இருந்தாலும், விட்டுக்கொடுக்கிறேன் என்று நீங்களே எழுதித் தராதீர்கள்.

என் யோசனை, விற்பனைக்குப் பதிலாக ஆப்ஷன் கேளுங்கள். ஒரு சிறு தொகைக்கு ஒன்பது மாதமோ ஒரு வருடமோ அவர்கள் மட்டும் கதையைச் சேனல்களிடம் கொண்டுபோகலாம். யாரும் எடுக்காவிட்டால் கதை உங்களிடமே திரும்பிவிட வேண்டும். எடுத்தால் பைலட்டும் முதல் 26 எபிசோடுகளும் நீங்கள் எழுத வேண்டும், மூலக்கதை என்று உங்கள் பெயர் ஒவ்வொரு எபிசோடிலும் வர வேண்டும், கிரியேட்டிவ் டீமில் உங்களுக்கு ஓர் இடம் வேண்டும். முதல் தொடரிலேயே தயாரிப்பாளர் பட்டம் தரமாட்டார்கள். கிரியேட்டிவ் டீமில் இடம் கிடைத்தால் நடிகர் தேர்விலும் எடிட்டிலும் உங்கள் குரல் இருக்கும். அங்கிருந்துதான் அந்தப் பட்டத்துக்கு வழி. தொகையில் பேரம் பேசி இந்த நிபந்தனைகளை விட்டுவிடாதீர்கள். தொகையை வேண்டுமானால் விட்டுக்கொடுங்கள். இன்று சேனல் ஒரு எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுத்துத் தொடரைச் செய்யச் சொல்கிறது, பெரும்பாலான உரிமைகளும் சேனலுக்கே போகின்றன. அதனால் புரொடக்‌ஷன் ஹவுஸ் நினைத்தாலும் எல்லாவற்றையும் உங்களுக்குத் தர முடியாது. அது நியாயமான தடைதான், அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். ஆனால் ஆப்ஷன் காலம், எழுதும் உரிமை, பெயர் மூன்றும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. மூன்றுக்கும் மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டில் சம்மதமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பயத்தை நான் மதிக்கிறேன், கணக்கும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. இங்கே எழுத்தாளருக்கு எபிசோடு கணக்கில்தான் காசு. பல இடங்களில் ஒளிபரப்பான தேதியிலிருந்து 90 நாள் கழித்து வரும். இன்று வேலையை விட்டால் முதல் காசைப் பார்க்க நாலைந்து மாதமாகும். நடுவில் ரேட்டிங் சரிந்து தொடரை நிறுத்தினால் அதுவும் இல்லை. தினசரித் தொடர்கள் சனிக்கிழமையும், பல சமயம் ஞாயிறும் ஷூட்டிங் வைக்கின்றன. முதல் மூன்று, நான்கு மாதம் இரவில் வசனம், சனிக்கிழமை செட் என்று போய்ப் பாருங்கள். காட்கோபரில் இறங்கி மெட்ரோ பிடித்தால் அந்தேரி சிரமமில்லை. செட் வடக்கே தள்ளியிருக்கும் நாய்காவ் பக்கம் என்றால் கஷ்டம்தான், அதையும் அனுபவித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெளி வேலை செய்ய உங்கள் கம்பெனி விதியில் இடமிருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், மறைத்துச் செய்ய வேண்டாம். ஆறு மாதக் குடும்பச் செலவு பேங்க்கில் சேர்ந்த பிறகு ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள். அப்பா, அம்மாவுக்குக் கம்பெனியின் குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருந்தால் விலகும் நாளில் அது போய்விடும். தனிப் பாலிசியை இப்போதே எடுத்தால் பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போதே ஓட ஆரம்பிக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கே. பாலசந்தர் சென்னையில் ஏஜி (அக்கவுன்டன்ட் ஜெனரல்) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகம் போட்டார். கிண்டியில் பொறியியல் படித்த கிரேஸி மோகனும் வேலையில் இருந்தபடியேதான் மேடைக்கு எழுதினார். மாதச் சம்பளம் இருக்கும்போது மோசமான ஒப்பந்தத்துக்கு முடியாது என்று சொல்ல முடியும். அந்தத் தைரியம் உங்களுக்கு இந்த வருடம் அவசியம்.

இந்தி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். டோம்பிவிலி லோக்கலில் வளர்ந்த இந்தி உங்கள் தொடருக்குப் போதும், அதுதான் அந்தக் கட்டடத்தின் இந்தி. ஆனால் சீனியரின் தொடர் உத்தரப் பிரதேசத்திலோ போபாலிலோ நடப்பதாக இருந்தால் அந்த ஊர்ப் பேச்சை உட்கார்ந்து கேட்டுப் படிக்க வேண்டியிருக்கும்.

புரொடக்‌ஷன் ஹவுஸுக்கு இன்றைக்கே ஒரு பதில் போடுங்கள். ஆர்வத்துக்கு நன்றி, பைலட் எழுதிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் ஆப்ஷன் அடிப்படையில் பேசலாம் என்று நாலு வரி போதும். அதற்குக் காத்திருக்கமாட்டோம் என்று அவர்கள் சொன்னால் சொல்லட்டும். சீனியரைப் பார்க்கப் போகும்போது செட், எடிட், ஏழாவது மாதப் பெயர் மூன்றையும் ஒரே பேச்சில் கேட்டுவிடுங்கள். பைலட் முடிந்து ஸ்க்ரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் பதிவும் ஆனபிறகு, இந்தி ஸ்கிரிப்டையும் அந்த 15 ஜோடித் தாளையும் எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் படித்துவிட்டு எழுதுகிறேன்.